பச்சைக்கல் வளையும் அணுவிரதமும்

நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கிறோம். தேன் நம் அடுக்களைக்குள் நுழைவதில்லை. உணவின் முன் அமரும்போது, இது எங்கிருந்து வந்தது, இதற்காக எவ்வுயிர் துன்புற்றது என்று வினவும் பழக்கத்தை நம் முன்னோர் நமக்குத் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வளர்த்துள்ளனர். இது நம் குடும்பங்களின் பெருஞ்செல்வம் எனலாம்.

ஆனால் அதே வினாவை நாம் நகைப்பெட்டியின் முன் அமரும்போது எழுப்புகின்றோமா? பொன்னின் மாற்றைக் கேட்கிறோம், எடையைக் கேட்கிறோம், செய்கூலியையும் சேதாரத்தையும் கேட்கிறோம். அப்பொன்னும் அக்கல்லும் எவர் கையால், எவ்வாறு மண்ணிலிருந்து வெளிப்பட்டன என்று கேட்பதில்லை. நாவிற்கு ஓர் அறமும் கைக்கு மற்றோர் அறமும் இருத்தல் கூடுமோ? இவ்வினாவை வாசகப் பெருமக்களின் சிந்தனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுந்த வினா

பேத்தி முறையாகும் பெண் ஒருத்தி ஓசூரில் ஒரு தொழிற்கூடத்தில் பணியாற்றுகிறாள். அவளுக்குத் திருமணம் உறுதியாகியுள்ளது. வெளிநாட்டில் வாழும் மாப்பிள்ளையின் தாயார் அன்புடன் ஒரு பச்சைக்கல் வளையை அனுப்பியிருந்தார். அது பொன்னிற் பதித்த கல் அன்று. முழுவதும் ஒரே கல்லிற் குடைந்தெடுத்த வளை. ஜேடு என்று வணிகர் வழங்கும் கல் அது. கையை விட்டு அதனைக் கழற்றலாகாது, வருகின்ற தீங்கை அது தன்மேல் ஏற்றுக்கொள்ளும் என்னும் சொல்லும் உடன் வந்திருந்தது.

அப்பெண் படித்தவள். அக்கல் பெரும்பாலும் பர்மாவிலிருந்து வருவது என்பதையும், அங்குச் சுரங்க மண்மேடு சரிந்து மக்கள் மாண்டதையும் அவள் அறிந்திருந்தாள். “பாட்டி, பட்டுச் சேலை வேண்டாம் என்று சொல்லி நூற்சேலை எடுத்தோம். இதை மட்டும் நான் எப்படிப் போட்டுக்கொள்வது?” என்று கேட்டாள். அவள் தாயோ, பட்டில் புழு மாள்கிறது, கல்லில் என்ன மாள்கிறது என்றார். சம்பந்தியார் மனம் நோகும்படி வரிசைப் பொருளைத் திருப்பி அனுப்புவது குடும்பத்திற்கு அழகாகுமா என்று தந்தை வருந்தினார். மூவரும் சூளகிரிக்கு வந்து நம்மிடம் முடிவு கேட்டனர். மூவர் சொல்லிலும் ஒரு நியாயம் இருந்தமையால் உடனே விடை கூற இயலவில்லை.

கல்லின் இயல்பு

ஒரு பொருளைப் பற்றி அறம் பேசுமுன் அப்பொருளை அறிதல் வேண்டும். நற்காட்சிக்கும் நல்லொழுக்கத்திற்கும் இடையே நன்ஞானம் வைக்கப்பட்டிருப்பது காரணமின்றி அன்று.

ஜேடு என்னும் ஒரே பெயரால் இருவேறு கற்கள் வழங்குகின்றன. ஒன்று நெஃப்ரைட், மற்றொன்று ஜேடைட். இவை வேறு வேறு கனிமங்கள் என்பதை 1863-இல் பிரெஞ்சு அறிஞர் அலெக்சி தமூர் நிறுவினார். சீனர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் போற்றியதும், முகலாய மன்னர்கள் கிண்ணமும் வாட்பிடியும் செய்துகொண்டதும் நெஃப்ரைட். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பர்மாவிலிருந்து சீனத்திற்குப் பெருகிச் சென்ற ஒளிமிக்க பச்சைக்கல் ஜேடைட். நாம் மரகதம் என்று சொல்லும் கல் இவ்விரண்டும் அன்று. அது பெரில் இனத்தைச் சேர்ந்தது.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்திற்கு 10; நெஃப்ரைட்டிற்கு 6 முதல் 6.5, ஜேடைட்டிற்கு 6.5 முதல் 7. கீறலைத் தாங்குவதில் ஜேடு முதன்மையானதன்று என்பது இதனால் புலப்படும். ஆயினும் உடைவதைத் தாங்குவதில் அதற்கு ஈடான கற்கள் மிகச் சிலவே. அதன் நுண்ணிய இழைகளும் மணிகளும் பாய் பின்னியதுபோல ஒன்றையொன்று பற்றிப் பின்னிக் கிடப்பதே காரணம். அதனாலன்றோ மெல்லிய வளையாக அதனைக் குடைய முடிகிறது.

இக்கல்லின் பெயரால் நிகழும் பொய்ம்மையும் பெரிது. கல்லை அமிலத்தில் ஊறவைத்துக் கறை நீக்கி, உண்டாகும் நுண்துளைகளில் பிசினை நிரப்பி விற்பர். சாயம் ஏற்றியும் விற்பர். இயற்கைக் கல்லை ஏ வகை, பிசின் நிரப்பியதை பி வகை, சாயம் ஏற்றியதை சி வகை என்று வணிகர் குறிப்பர். நம் நாட்டில் கிடைக்கும் அவென்சுரின் என்னும் பச்சைப் படிகக்கல் இந்திய ஜேடு என்ற பெயராலும், மென்மையான செர்ப்பன்டைன் புது ஜேடு என்ற பெயராலும் விலைபோகின்றன. வாங்குபவர் கண்ணால் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. பிசின் நிரப்பியதை ஆய்வுக்கூடத்தில் அகச்சிவப்புக் கதிர்க் கருவியால் அறியலாம். பெயரை மாற்றி விற்பது வாய்மைக்கும் கள்ளாமைக்கும் ஒருங்கே இழுக்காகும். நகை வணிகத்தில் உள்ள நம் சமுதாயத்தார் இதனை நினைவிற் கொள்வாராக. அலாவுதீன் கில்ஜியின் கருவூலத்தோடு தொடர்புடைய தக்கர் பேரு என்னும் சமண அறிஞர் 1315-இல் பிராகிருதத்தில் மணிகளின் இயல்பை ஆராய்ந்து நூல் இயற்றினார். மணியை ஆராய்ந்து உண்மை கூறுவது நம்மவர்க்குப் பழைய தொழில்.

காக்கும் கல்லா?

கையிலுள்ள கல் தீங்கைத் தடுக்கும் என்னும் நம்பிக்கையை முதலில் நோக்குவோம். சீனத்தில் கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்னும் இளவரசரின் உடலைப் பச்சைக்கல்லால் ஆன ஆடை பொதிந்து புதைத்தனர். 2498 கல் துண்டுகளைப் பொற்கம்பியால் தைத்த ஆடை அது. கல் உடலை அழியாமற் காக்கும் என்று நம்பினர். 1968-இல் கல்லறை திறக்கப்பட்டபோது ஆடை இருந்தது. உடல் மண்ணோடு மண்ணாகியிருந்தது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. நெஞ்சத் துடிப்பைத் தணிக்கும் என்று முகலாயர் ஜேடுப் பதக்கங்களை மார்பில் அணிந்தனர். ஷாஜகானின் பதக்கம் ஒன்றும், 1657-இல் அவருக்கெனச் செய்யப்பட்ட வெண்ணிற ஜேடுக் கிண்ணம் ஒன்றும் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கிண்ணம் செய்த மறு ஆண்டே, 1658-இல், பெற்ற மகனால் ஆக்ராக் கோட்டையில் சிறைப்பட்ட அம்மன்னர் 1666-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

வினை தன் பயனைத் தந்தே தீரும். அதனைத் தேய்க்க வல்லவை தவமும் ஒழுக்கமுமே. கல் அதனைத் தன்மேல் ஏற்கும் என்பது உலக மூடம். நற்காட்சியைக் குலைக்கும் மூடங்களுள் முதலில் வைத்து நம் நூல்கள் அதனை விலக்கியுள்ளன. எனவே அச்சத்தினால் ஒரு கல்லை அணிவதும், அச்சத்தினால் அதனைக் கழற்றாதிருப்பதும் நமக்கு உரியன அல்ல. அழகுக்காகவோ அன்புக்காகவோ அணிவது வேறு. அதுவே இனி ஆராய்தற்குரியது.

கல்லுள் இருந்த உயிர்

கல்லில் என்ன மாள்கிறது என்று கேட்ட தாயின் சொல் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. உலகத்தார் பலரும் அவ்வாறே கேட்பர். ஆனால் நம் ஆகமம் மண்ணையும் கல்லையும் உயிரின் உடலாகக் காண்கிறது. நிலத்தை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களின் வகைகளுள் மணிகளையும் உப்பையும் உலோகங்களையும் நம் நூல்கள் எண்ணுகின்றன. தத்துவார்த்த சூத்திரத்தின் உரையாசிரியர்கள் மேலும் நுட்பமாக, உயிர் உறையும் நிலவுடல் வேறு, உயிர் நீங்கிய நிலவுடல் வேறு எனப் பிரித்துக் காட்டினர். அகழ்ந்து, அறுத்து, மெருகேற்றிக் கைக்கு வந்த கல் உயிர் நீங்கிய உடல். அதை அணிவதால் புதிதாக அவ்வுயிர்க்கு ஊறு இல்லை.

ஆயினும் உயிர் நீங்கிய உடல் என்னும் அச்சொல்லே நம்மைச் சற்று நிறுத்த வேண்டும். கையில் மின்னுவது வெறும் நிறமன்று. ஓருயிர் விட்டுச் சென்ற வீடு. துறவியர் மண்ணை அகழ்வதையும் அகழ்விப்பதையும் முற்றும் நீக்கினர். இல்லறத்தார்க்கு அது இயலாது. உழவும் வீடும் பாத்திரமும் நிலவுயிர்க்கு ஊறின்றி அமையா. ஆகவே இல்லறத்தார் இயங்குயிர்களைக் கருதிக் கொல்லாதிருக்கவும், ஓரறிவுயிர்களைத் தேவையின்றி நலியாதிருக்கவும் பணிக்கப்பட்டனர். ‘தேவையின்றி’ என்னும் அச்சொல்லில்தான் இல்லறத்தாரின் அறம் முழுவதும் அடங்கியுள்ளது.

கல் வந்த வழி

ஓரறிவுயிரோடு செய்தி முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கும் தேவையில்லை. உலகின் உயர்ந்த ஜேடைட் பெரும்பகுதி மியான்மர் நாட்டின் வடக்கே, கச்சின் மாநிலத்துப் பகாந்த் பகுதியிலிருந்து வருகிறது. பேரியந்திரங்கள் மலைகளைக் கரைக்கின்றன. கல் எடுத்த பின் எஞ்சும் மண் மற்றொரு மலையாகக் குவிக்கப்படுகிறது. அக்கழிவு மேட்டில், இயந்திரம் தவறவிட்ட கல் ஏதேனும் கிட்டாதா என்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏழை இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் தேடித் திரிகின்றனர். பிணைப்பற்ற அம்மண்மேடு மழையில் ஊறிச் சரிகிறது. 2015 நவம்பரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2020 சூலை 2 அன்று மேடு சரிந்து கீழிருந்த நீர்த்தேக்கத்தில் விழ, எழுந்த சேற்றலையில் 170-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் ஊரும் பேரும் அறியப்படாமலே புதைக்கப்பட்டனர்.

அக்கல்லின் வருவாய் எங்கே செல்கிறது? 2014-ஆம் ஆண்டின் ஜேடு விற்பனை 3100 கோடி டாலர் அளவுக்கு இருக்கலாம் என்று குளோபல் விட்னெஸ் என்னும் அமைப்பு 2015-இல் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி படைத்தலைவர்கள், அவர்தம் சுற்றத்தார் முதலியோர் கைகளுக்கே சென்றது என்றும் எடுத்துக் காட்டியது. கச்சின் மக்களின் படைக்கும் அரசுப் படைக்கும் இடையே நிகழும் போரில் இரு சாராருக்கும் இக்கல்லே பொருள் தருகிறது. 2021 பிப்ரவரியில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றிய பின், அமெரிக்க அரசு அவ்வாண்டு ஏப்ரலில் மியான்மர் அரசின் மணிக்கல் நிறுவனத்தின் மீது தடை விதித்தது.

எல்லா ஜேடும் இவ்வாறு வருவதன்று. நியூசிலாந்தில் மவோரி மக்கள் பௌனமு என்று போற்றும் நெஃப்ரைட்டின் உரிமை 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நைதாகு என்னும் அவர்தம் குடியினர்க்கு மீண்டும் அளிக்கப்பட்டது. அவர்களிடையே அக்கல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. தனக்கென வாங்குவதினும் பிறர் அன்புடன் அளிக்கப் பெறுவதே சிறப்பு என்று கருதப்படுவது. ஒரே வகைக் கல் ஓரிடத்தில் போருக்குப் பொருளாகிறது. ஓரிடத்தில் குடியின் நினைவாகிறது. எனவே குற்றம் கல்லில் இல்லை. வந்த வழியில் உள்ளது.

தொலைவும் அண்மையும்

பர்மா எங்கே, சூளகிரி எங்கே என்று வாசகர் எண்ணலாம். நம் வட்டாரத்தின் செய்தியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் பளபளப்பாக்கப்பட்டு உலகெங்கும் மாளிகைத் தரைகளாகிறது. குன்றுகள் குடையப்பட்ட இடங்களில் ஆழ்ந்த குழிகள் நிற்கின்றன. வெடி வைக்கும் ஓசையும் அறுக்கும் ஓசையும் நமக்குப் புதியன அல்ல. கல் அறுக்கையில் எழும் நுண்தூள் நுரையீரலிற் படிந்து மீளா நோயாவதை மருத்துவர் அறிவர். கல் உடைக்கும் குடும்பங்கள் அதனினும் நன்றாக அறிவர்.

நமக்கு வடகிழக்கே, கர்நாடக எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல் உள்ளது. 1880-களில் தொடங்கி 2001-இல் மூடப்படும் வரை அங்கே பொன் அகழப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், உடலை வாட்டும் வெப்பத்தில் இறங்கி உழைத்தோருள் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். நிலத்தடியில் பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துகளில் மாண்டோர் பலர். சயனைடு கலந்த கழிவு மண்மேடுகள் சுரங்கம் மூடிய பின்னும் அங்கே நிற்கின்றன. நம் பாட்டியரின் காசுமாலையில் அப்பொன்னும் ஒரு துளி கலந்திருக்கக் கூடும் அன்றோ! அன்று அதனை எவரும் கேட்கவில்லை. பகாந்த் நமக்குப் புதிய ஊராகத் தோன்றலாம். அங்கு நிகழ்வது நமக்குப் புதியதன்று.

உடன்படுதலும் ஒரு செயலே

தான் செய்யாத, செய்யச் சொல்லாத, எங்கோ நிகழ்ந்த தீங்கில் அணிபவர்க்குப் பங்குண்டா? நம் நெறி வினையை மூவகையாகக் காண்கிறது: செய்தல், செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். இம்மூன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் நிகழும். கடையில் கல் வாங்குபவர் மண்மேட்டைச் சரிக்கவில்லை. கருதிச் செய்யும் சங்கற்ப இம்சை அவரிடம் இல்லை. ஆனால் வழியை அறிந்த பின்னும் ‘நமக்கென்ன’ என்று வாங்குவாராயின், அங்கே மனம் உடன்படுகிறது. பணம் அடுத்த கல்லைத் தோண்டச் சொல்கிறது. அறியாமை நீங்க நீங்க உடன்பாட்டின் எடையும் கூடுகிறது. அதற்கஞ்சி அறியாதிருந்துவிடலாமே என்பாரும் உளர். கேட்காதிருப்பதும் ஒரு செயலே. தன் சிலம்புக்குரியவன் யார் என்று ஆராயாது கட்டளையிட்ட பாண்டியன் மதுரையில் என்ன விளைவித்தான் என்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. யாவரும் வாங்காதுவிட்டால் மண்மேட்டில் கல் பொறுக்கும் ஏழை எதை உண்பான்? இது கருணையிலிருந்து எழும் வினாவாதலின் மதித்து விடை கூற வேண்டும். அவன் பசியைத் தீர்ப்பது நம் ஆசையன்று. அவன் உழைப்புக்கு நேர்மையான கூலியும் உயிர்க்குக் காவலும் அளிக்கும் முறையே ஆகும். அம்முறை உள்ள இடத்துக் கல்லைத் தேடி வாங்குவோர் பெருகினால் வணிகர் அவ்வழி திரும்புவர். கேளாமல் வாங்குவோர் பெருகினால் மண்மேடே வளரும். மற்றொரு வாதம்: கைப்பேசியிலும் மின்விளக்கிலும் இதே தீங்கு உண்டே, எதனை விடுவது? உண்மை. எல்லாவற்றையும் விடுதல் துறவியரின் மகாவிரதம். தேவை குறைந்த பொருளிலிருந்து தொடங்குதல் இல்லறத்தாரின் அணுவிரதம். உழவனுக்கு மண்வெட்டி தேவை. கைக்கு இரண்டாவது பச்சைக்கல் வளை தேவையன்று.

வணிகர்க்கும் ஒரு முன்மாதிரி உண்டு. காந்தியடிகளின் ஆன்மிகத் துணைவராக விளங்கிய ஸ்ரீமத் ராஜசந்திரர் (1867–1901) மும்பையில் மணி வணிகம் செய்தவர். ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர் விலையேற்றத்தால் அழிந்துவிடும் நிலை வந்தபோது, பிறர் குருதியைப் போன்ற அவ்வூதியம் தமக்கு வேண்டாவென்று அவ்வொப்பந்தத்தைக் கிழித்தெறிந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மணியை அவர் வெறுக்கவில்லை. பிறர் துன்பத்தால் வரும் மணியை வெறுத்தார்.

நாம் கூறிய விடை

மேற்கூறியவற்றை எண்ணியே அக்குடும்பத்தார்க்கு நாம் இவ்வாறு கூறினோம். நீயே கடைக்குச் சென்று வாங்குவதாயின், வந்த வழி தெரியாத இவ்வளையை வாங்காதே என்போம். இப்போது இது அன்பின் கொடையாக வந்துவிட்டது. திருப்பி அனுப்பினால் மாண்டவர் மீளார். ஒரு முதிய பெண்மணியின் மனம் மட்டும் புண்படும். வளை மீண்டும் சந்தைக்கும் செல்லக்கூடும். ஆகவே ஏற்றுக்கொள். ஆனால் காப்பென்று நம்பி அணியாதே. அரிய பர்மாக் கல் என்று பெருமை பேசி அணியாதே. இதற்கு இணையாக மற்றொன்றை விரும்பாதே. நீ அறிந்ததை மாமியாரிடம் மென்மையாகச் சொல். உன் காலத்திற்குப் பின் இது உன் மகளுக்கோ மருமகளுக்கோ செல்லட்டும்; அவ்வாறாயின் அவர்களுக்கென ஒரு புதிய கல் தோண்டப்பட வேண்டியதில்லை.

அப்பெண் ஒப்புக்கொண்டாள். மாமியாரிடம் எவ்வாறு சொல்வது என்னும் தயக்கம் அவளுக்கு இன்னும் உண்டு. அது இயல்பே. அறத்தை உறவினரிடம் பேசுவது அயலாரிடம் பேசுவதினும் கடினம்.

எடுத்தலும் வைத்தலும்

இங்கேதான் பேணுதல் என்பது அறமாகிறது. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிட்சேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்க்கு ஊறு நேராதவாறு நோக்கி எடுத்து நோக்கி வைத்தல். கமண்டலத்தையும் மயிற்பீலியையும் நூலையும் மட்டுமே உடைய துறவிக்கு இது விதி. பெட்டி நிறையப் பொருளுடைய நமக்கு இஃது எவ்வளவு வேண்டும்! நன்கு பேணிய ஒரு பொருள் நூறாண்டு நிற்கும். அது நிற்கும் காலமெல்லாம் மற்றொரு பொருளுக்காக நிலம் அகழப்படாது. எனவே இல்லத்து மகளிர் கருத்திற் கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

கருங்கல்லில் படிகக்கல் கலந்துள்ளது. அதன் கடினம் 7. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கருங்கல் மேடையிலும் உராய்ந்தால் ஜேடு கீறல்படும். வீட்டுத் தூசியிலும் அத்தூள் உண்டு. எனவே உலர்ந்த துணியால் துடையாது, முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசிப் பின் மென்துணியால் துடைக்க வேண்டும். கறை இருப்பின் மென்மையான சோப்பு நீர் போதும். பாத்திரம் துலக்கும் புளி, எலுமிச்சை, வெளுப்புத் தூள், குளியலறை அமிலம் ஆகியவை படலாகாது. இவை மெருகைக் கெடுக்கும். பிசின் நிரப்பிய கல்லை விரைவில் மங்கச் செய்யும். அடுப்பின் அனலுக்கு நேரே நீட்டலாகாது. நகைக் கடைகளில் அதிர்வால் தூய்மை செய்யும் கருவியில் இடாதிருத்தல் நன்று. உடைவதற்கு எளிதில் ஆட்படாத கல்லாயினும் கருங்கல் தரையில் வீழ்ந்தால் வளை பிளக்கலாம். கழற்றும்போது சோப்பு நுரை தடவி, கீழே மடித்த துணி விரித்துக்கொள்க. வைரம், நீலம், மாணிக்கம் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் இடாது தனிப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

நம் நெறியார்க்கே உரிய இரு குறிப்புகள் உண்டு. மணிமாலைகளைப் பட்டு நூலில் கோத்து முடிச்சிடுவது நகைத் தொழிலில் வழக்கம். மல்பெரித் தோட்டங்களும் பட்டுப்புழு வளர்ப்பும் மிகுந்த இம்மாவட்டத்தில், கூட்டோடு புழுவைக் கொதிநீரில் இடுவது நாம் அறியாததன்று. எனவே உறுதியான பருத்தி நூலிலோ நைலான் இழையிலோ கோத்துத் தரும்படி கேட்க வேண்டும். அவ்வாறே ஜேடுக்கு இறுதி மெருகாக மெழுகு பூசுவர். தேன்மெழுகு பூசும் பழக்கம் தொன்றுதொட்டு உள்ளது. தேனை விலக்கிய நாம் மீண்டும் மெருகிட நேர்ந்தால் பாரஃபின் மெழுகைக் கேட்டுப் பெறலாம். இவை சிறியன போலத் தோன்றும். அணு என்பதற்கே சிறியது என்றுதானே பொருள்!

அளவிடுதல்

சமந்தபத்திரர் இயற்றிய இல்லறத்தார் நூல் உடைமையை வரையறுக்கும் விரதத்திற்கு ஆசையை அளவிடுதல் என்றும் ஒரு பெயர் தருகிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த நூலின் பெயர் அருங்கலச்செப்பு. அரிய அணிகலன்கள் வைக்கும் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே வைத்திருப்பவை நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். எப்பெட்டியை நிரப்ப வேண்டும் என்பதை அப்பெயரே சொல்லாமற் சொல்கிறது.

போளூருக்கு அருகே திருமலையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் பாறையிற் செதுக்கப்பெற்று நிற்கும் நேமிநாதரை நம் வாசகர் பலரும் தரிசித்திருப்பர். மணமகனாக அணிகள் பூண்டு சென்றவர், விருந்துக்கு அடைக்கப்பட்ட விலங்குகளின் அழுகுரல் செவியில் விழுந்த அக்கணமே யாவற்றையும் துறந்தார். அவர்தம் செவிக்கு அக்குரல் எட்டியது. இன்று அத்தகைய குரல்கள் மலைகளுக்கும் கடலுக்கும் அப்பால் எழுகின்றன. கேட்க வேண்டுமென்று எண்ணினாலன்றி எட்டுவதில்லை. ஓர் அணியுமின்றி நிற்கும் அப்பெருமானை மக்கள் சிகாமணி நாதர் என்று அழைக்கின்றனர்.

அவர் நிலை நமக்கு உடனே கைகூடாது. ஆயினும் வரும் தசலட்சணப் பருவத்தில் ஒவ்வோர் இல்லத்திலும் நகைப்பெட்டியைத் திறந்து, உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, இதற்கு மேல் வேண்டா என்று ஒரு கோடு இடலாம். திருமணப் பேச்சில் இத்தனை பவுன் என்று கேட்கும் வாய்கள், எங்கிருந்து வந்த பொன் என்றும் கேட்கப் பழகலாம். வாங்குமுன் கேட்டல், வாங்கியதைப் பேணல், பேணுவதற்கும் அளவிடல் ஆகிய மூன்றையும் நம் பெண்மக்களுக்கு அணியாகப் பூட்டுவோமாக.